சேற்றுக்காலின் தோலுக்குள் எட்டிப் பார்த்தால்…

குறுவை அறுவடைக்கு இப்போது பெரும்பாலும் இயந்திரம்தான். ஆனாலும் மழையில் படுத்துவிட்ட பயிர், வண்டி இறங்கினால் புதைந்துவிடும் பள்ளமான மூலை, வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் தனியாகக் கிடக்கும் ஒரு மா நிலம் என்று கருக்கரிவாளுக்கு இன்னும் வேலை இருக்கத்தான் செய்கிறது. வலது கை அரிவாளை இழுக்கும். இடது கை தாளைக் கொத்தாகப் பற்றியிருக்கும். பிடி கொஞ்சம் நழுவினால் முதலில் மாட்டுவது இடது கைச் சுண்டுவிரல்.

“ஐயோ அக்கா, ரத்தம் கொட்டுதே!”

“கொட்டட்டும் புள்ள. வரப்புல கிணத்துப்பாசான் இருக்கும், ரெண்டு கிள்ளிக்கிட்டு வா.”

இலையைக் கசக்கிச் சாறு விட்டு, கிழிசல் துணியில் சுற்றிக்கொண்டு, அக்கா அடுத்த பிடிக்குக் குனிந்தாயிற்று. வெளியே நடந்தது இவ்வளவுதான். உள்ளே நடப்பது இருக்கிறதே, அடேயப்பா! அந்த அரை அங்குலக் கீறலுக்குள் அடுத்த பத்து நாளில் யார் யார் வருகிறார்கள், என்னென்ன செய்கிறார்கள் என்று ஒருமுறை தெரிந்துகொண்டால் போதும், பழைய தழும்பைக்கூட ஆசையாகத் தடவிப் பார்க்கத் தோன்றும். வாருங்கள், உள்ளே போவோம்.

காயம் படுவதற்கு முன்பே அங்கே குடியிருப்பவர்களை முதலில் பார்த்துவிடலாம். நம் மேல்தோலின் ஒவ்வொரு சதுர மில்லிமீட்டரிலும் பல நூறு லாங்கர்ஹான்ஸ் செல்கள் இருக்கின்றன. ஆய்வகத்தில் வழக்கமாக ஏற்றும் ஊதா, இளஞ்சிவப்புச் சாயங்களில் இவை அகப்படுவதில்லை. நுண்ணோக்கியில் பார்த்தால், நெருக்கமாக அடுக்கிய தோல் செல்களுக்கு நடுவே அங்கங்கே ஒரு வெளிறிய வளையம் தெரியும். அதற்குள் சிறிய கரு ஒன்று. அவ்வளவுதான், தாண்டிப் போய்விடுவோம். 1868-இல் பெர்லினில் மருத்துவ மாணவராக இருந்த பால் லாங்கர்ஹான்ஸ் மனிதத் தோலைத் தங்கக் குளோரைடு கரைசலில் ஊறவைத்துப் பார்த்தார். கறுகறுவென்று, நான்கு திசையிலும் கிளை விரித்தபடி, இதுவரை யாரும் கண்டிராத செல்கள் எழுந்து நின்றன! கிளைகளைப் பார்த்து இவை நரம்பைச் சேர்ந்தவை என்று அவர் முடிவு கட்டினார். இவை நோய் எதிர்ப்பு செல்கள் என்பது உறுதியாக ஏறக்குறைய நூறு ஆண்டுகள் ஆயின.

இவற்றின் வேலை என்ன தெரியுமா? ஊடுருவியவற்றை ருசி பார்ப்பது. தோல் செல்களுக்கு இடையே தண்ணீர்கூடப் புகாத இறுக்கமான இணைப்புகள் இருக்கின்றன. உஷாரான லாங்கர்ஹான்ஸ் செல் அந்த இணைப்பை உடைக்காமலேயே கிளையின் நுனியை மட்டும் மேலே நீட்டி, வெளியிலிருந்து வந்ததை ஒரு கிள்ளு எடுத்துக்கொண்டு திரும்பிவிடுகிறது. நுனி போன இடத்திலும் இணைப்பு மறுபடி இறுகிக்கொள்கிறது. ஜப்பானிய ஆய்வாளர்கள் 2009-இல் எலித் தோலில் இதைப் படமெடுத்துக் காட்டினார்கள். சேறும் சாணமும் உரமும் கலந்த தண்ணீரில் நாள் முழுக்க நிற்கிற ஒரு காலில் இந்த ருசி பார்ப்பு எத்தனை இடத்தில் நடந்துகொண்டிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

சரி, இப்போது அரிவாள் பட்டுவிட்டது. கிழிபட்ட விளிம்பில் உள்ள தோல் செல்கள் சில நிமிடங்களுக்குள் ஹைட்ரஜன் பெராக்சைடைச் சுரக்கின்றன. மருந்துக்கடையில் புண் கழுவ வாங்குவோமே, ஊற்றினால் நுரைத்துப் பொங்குமே, அதே பொருள்தான், இங்கே மிக மிகச் சிறிய அளவில். ‘இங்கே அடிபட்டிருக்கிறது’ என்ற முதல் சேதி அது. வெள்ளணுக்கள் அந்தச் சேதியைப் பிடித்துக்கொண்டு வருகின்றன. இது தெரியவந்தது 2009-இல், வரிக்குதிரை மீன் குஞ்சுகளின் வாலில். கண்ணாடி மாதிரி உடம்பு என்பதால் வாலைக் கத்தரித்துவிட்டு உள்ளே நடப்பதை உயிரோடு பார்க்கலாம். எனக்கு இதில் பெரிய மகிழ்ச்சி ஒன்று உண்டு: உலகம் முழுக்க ஆய்வகத் தொட்டிகளில் நீந்தும் இந்த மீனின் பூர்வீகம் நம் துணைக்கண்டம். கங்கைச் சமவெளியின் ஓடைகளிலும் நெல் வயல்களிலும் துள்ளித் திரிகிற மீன் அது.

ரத்தக் குழாயை ஒட்டியே உட்கார்ந்திருக்கும் மாஸ்ட் செல்களும் இதற்குள் விழித்துக்கொண்டிருக்கும். உள்ளே நிரப்பி வைத்திருக்கும் ஹிஸ்டமின் துகள்களை அவிழ்த்துவிட்டால் குழாயின் சுவர் தளர்கிறது, நீர் கசிகிறது, இடம் சிவந்து தடிக்கிறது. கொசு கடித்த இரண்டாவது நிமிடம் தடிப்பதும் இவற்றின் கைவேலையே. கொசுவுக்குப் பஞ்சமில்லாத நம் ஊரில் மாஸ்ட் செல்லின் வேலையைப் பார்க்காதவர் ஒருவர்கூட இருக்க முடியாது.

தளர்ந்த குழாய் வழியாக முதலில் பாய்பவை நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளணுக்கள். நம் எலும்பு மஜ்ஜை இவற்றை ஒரு நாளைக்குச் சுமார் 10,000 கோடி என்ற கணக்கில் உருவாக்கித் தள்ளுகிறது. 10,000 கோடி! ஒவ்வொரு நாளும்! பெரும்பாலானவை ஒரு நாளோ கொஞ்சம் கூடவோ வாழ்ந்து, எந்தக் காயத்தையும் பார்க்காமலே முடிந்துபோகின்றன. அழைப்பு வந்தவையோ குழாயின் உள்சுவரில் உருண்டு, ஒட்டி, தட்டையாகி, இரண்டு செல்லுக்கு நடுவே இருக்கும் சந்தில் தம் கருவைப் பிசைந்து நுழைத்து வெளியே வருகின்றன. இதன் கரு மூன்று நான்கு கதுப்பாகப் பிரிந்திருப்பதால் அப்படி நெளிந்து நுழைவது எளிதாகிறது. வந்ததும் கிருமிகளை விழுங்கும். விழுங்கி மாளாவிட்டால்? 2004-இல் பெர்லினில் கண்டுபிடித்த சங்கதி இது: தன் மரபுப் பொருளையே, ஆமாம் டி.என்.ஏ.வையே, வெளியே வீசி வலை விரிக்கிறது. கிருமிகள் அதில் சிக்குகின்றன. வலை விரித்த செல் பெரும்பாலும் செத்துப்போகிறது. இரண்டாம் நாள் கட்டைப் பிரித்து “சீழ் வைச்சிருக்கு” என்று முகம் சுளிக்கிறோமே, அந்த மஞ்சளுக்குள் கிடப்பவை இப்படிப் போன நியூட்ரோஃபில்களின் உடல்கள். சீழில் தெரியும் இளம்பச்சை நிறம்கூட அவை கிருமியைக் கொல்ல வைத்திருந்த நொதியின் நிறம். அதிகமானால் மருத்துவரிடம் ஓட வேண்டியதுதான், மறுக்கவில்லை. ஆனால் எனக்கு அதைப் பார்த்தால் இப்போது அருவருப்பு வருவதில்லை.

இனி வருபவர்தான் என் கதாநாயகர். இரண்டாம் நாள், மூன்றாம் நாள் வாக்கில் மெல்ல வந்து சேரும் மேக்ரோஃபேஜ். ரத்தத்தில் மோனோசைட்டாகப் புறப்பட்டு, திசுவுக்குள் இறங்கியதும் பருத்துப் பெருக்கிற செல்.

இதன் முதல் கதை 1882-இல் இத்தாலியின் மெஸ்ஸினாவில் தொடங்குகிறது. கடலோர வீட்டில் இலியா மெச்னிக்கோவ் நட்சத்திர மீனின் கண்ணாடி போன்ற குஞ்சு ஒன்றின் உடம்பில் ஒரு முள்ளைக் குத்தி வைத்தார். மறுநாள் காலை பார்த்தால் முள்ளைச் சுற்றி நடமாடும் செல்கள் மொய்த்திருந்தன. ‘விழுங்கும் செல்கள்’ என்ற கருத்து பிறந்தது அந்த முள்ளில். 1908-இல் நோபல் பரிசும் வந்தது. முள் குத்தாத நாள் இல்லாத வயல்காட்டு மனிதர்களுக்கு இந்தக் கதை ரொம்பப் பிடிக்கும் என்று நினைக்கிறேன். கருவேல முள் ஏறிய குதிகாலில், மறுநாள் முள்ளைச் சுற்றி உப்பி விண்விண்ணென்று தெறிக்கும்போது, மெச்னிக்கோவ் பார்த்ததே நம் காலிலும் நடந்துகொண்டிருக்கிறது.

ஆனால் மேக்ரோஃபேஜ் வெறும் விழுங்குகிற செல்லாக இருந்திருந்தால் நான் இவ்வளவு துள்ள மாட்டேன். 1970-களில் அமெரிக்காவில் ரஸ்ஸல் ராஸ் குழுவினர் கினிப் பன்றிகளில் இரண்டு சோதனைகள் செய்தார்கள். முதலில் நியூட்ரோஃபில்களை நீக்கிவிட்டுக் காயத்தைப் பார்த்தார்கள். கிருமி புகாத சுத்தமான காயம் என்றால் அவை இல்லாமலும் வழக்கம்போல ஆறியது. பிறகு 1975-இல் லைபோவிச்சும் ராஸும் மேக்ரோஃபேஜ்களை நீக்கினார்கள். அவ்வளவுதான், எல்லாம் தடுமாறிப்போனது. செத்த திசு அகலவில்லை, நார் நெய்யும் ஃபைப்ரோபிளாஸ்ட் செல்கள் வரத் தாமதித்தன, புதுச் சதை எழவில்லை. காயத்தைக் கட்டியெழுப்பும் உத்தரவு எங்கிருந்து வருகிறது என்று அன்றைக்குத் தெரிந்தது.

நடப்பதைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். வந்து இறங்கிய புதிதில் மேக்ரோஃபேஜ் கடுகடுப்பாகத்தான் இருக்கும். கிருமியைத் தேடித் தேடி விழுங்கும், அழற்சியைக் கிளப்பும் பொருள்களைச் சுரக்கும். பிறகு, வேலை முடிந்து மடிந்து கிடக்கும் நியூட்ரோஃபில்களை ஒவ்வொன்றாக விழுங்கத் தொடங்குகிறது. அந்தச் சாப்பாடு உள்ளே போகப் போக அதன் குணம் மாறுகிறது! அழற்சியைத் தணிக்கும் பொருள்களைச் சுரக்கிறது. ரத்தக் குழாய் முளைக்க வைக்கும் சுரப்பு, நார் நெய்யச் சொல்லும் சுரப்பு என்று அடுத்தடுத்து வெளியிடுகிறது. எதிர்த்து நின்ற அதே செல், அதே இடத்தில், கட்டத் தொடங்கிவிடுகிறது. நான் இந்தக் கட்டுரையை எழுத உட்கார்ந்ததே இந்த ஒரு திருப்பத்துக்காகத்தான். நோய் எதிர்ப்பு சக்தி என்றால் சண்டை, படை, போர் என்றே நமக்குச் சொல்லித் தந்திருக்கிறார்கள். தோலுக்குள் எட்டிப் பார்த்தால் அதில் பாதி நாள் கொத்து வேலையல்லவா நடக்கிறது!

இதை வெறுங்கண்ணாலேயே பார்க்கலாம். நாலைந்து நாள் கழித்து, ஆழமான புண்ணின் அடியில் செக்கச்செவேல் என்று, ஈரமாக, சிறு சிறு மணிகளாக ஒரு பரப்பு எழும். கட்டு மாற்றும் செவிலியர் “நல்லா செவப்பா சதை வளருது” என்று முகம் மலர்ந்து சொல்வார். அந்த ஒவ்வொரு மணியும் புதிதாக முளைத்து வளைந்து திரும்பும் நுண்ணிய ரத்தக் குழாய்களின் சுருள். தொட்டால் கசியும். ஆகவே தொடாதீர்கள்!

அப்புறம் டி செல்கள் என்ற வெள்ளணுக்கள். நம் ரத்தத்தில் ஓடுவதைப் போல ஏறக்குறைய இரண்டு மடங்கு டி செல்கள் தோலில் குடியிருக்கின்றன, சுமார் 2,000 கோடி. பாஸ்டன் ஆய்வாளர்கள் 2006-இல் இந்தக் கணக்கைப் போட்டார்கள். பலவும் பழைய தொற்றுகளை நினைவில் வைத்துக்கொண்டு ஆண்டுக்கணக்கில் அதே இடத்திலேயே தங்கியிருப்பவை. எலித் தோலில் ஒரு வகை டி செல், பக்கத்தில் காயம் பட்டதும் தோல் செல்களை வளரச் சொல்லும் சுரப்பை வெளியிடுவதாக 2002-இல் தெரிந்தது. மயிர்க்கால்களைச் சுற்றி நிற்கும் வேறொரு வகை, முடி மறுபடி முளைக்க உதவுவதாக 2017-இல் தெரிந்தது. இன்னொன்றும் உண்டு. நம் எல்லோர் தோலிலும் சாதுவாக வாழும் ஸ்டாஃபிலோகாக்கஸ் எபிடெர்மிடிஸ் என்ற பாக்டீரியா, தோலின் டி செல்களைப் பழக்கிவைத்துக் காயம் விரைவாக மூட உதவுகிறது. இதுவும் எலிகளில் கண்டது, 2018-இல். தேய்த்துத் தேய்த்துக் கிருமிநாசினி போட்டுக் கழுவுபவர்கள் இதைக் கொஞ்சம் யோசிக்கலாம்.

இனி காலுக்கு வருவோம். ஜூன் 12-ஐ ஒட்டி மேட்டூர் திறந்து தண்ணீர் கடைமடை வரை வந்துவிட்டால், நாற்றுப் பறிப்பும் நடவுமாக, காலை முதல் மாலை வரை கணுக்கால் புதையும் சேற்றில் கால்கள். நாலைந்து நாளில் விரலிடுக்கு ஊறி வெளுத்து, தோல் பிசுபிசுவென்று உரிந்து, கீழே சிவந்து எரியும். சேற்றுப்புண். இரவில் பாயில் படுத்தபிறகு விரலை விரலோடு தேய்த்துக்கொண்டே தூங்காமல் கிடப்பவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும். இங்கே அரிவாளும் இல்லை, முள்ளும் இல்லை. தண்ணீர் மட்டுமே தோலின் மேலடுக்கைக் குலைத்து வழி திறந்துவிடுகிறது. உள்ளே வருபவை காளான்கள், ஈஸ்ட், கூடவே பாக்டீரியா. இவற்றை எதிர்க்கவென்றே டி செல்களில் ஒரு பிரிவு இருக்கிறது. இன்டர்லூக்கின்-17 என்ற சுரப்பைத் தந்து நியூட்ரோஃபில்களை அந்த இடத்துக்கு வரவழைப்பது அதன் வேலை. பிறவியிலேயே இந்தச் சுரப்பு இயங்காதவர்களைக் கேண்டிடா என்ற ஈஸ்ட் வாழ்நாள் முழுக்க விடாமல் துரத்துகிறது. அப்படியென்றால் நடவு முடிந்து கால் காய்ந்த ஒரு வாரத்தில் பலருக்குச் சேற்றுப்புண் தானாக அடங்குவது எப்பேர்ப்பட்ட உள்வேலை!

இரவில் மருதாணி அரைத்து விரலிடுக்கில் அப்பிக்கொள்வது இங்கே தாய்வழி வந்த பழக்கம். மருதாணியின் சாயப் பொருளுக்குக் காளானை அடக்கும் திறன் உண்டு என்று ஆய்வகச் சோதனைகளில் காட்டியிருக்கிறார்கள். மஞ்சளின் குர்குமின் அழற்சிக் கட்டளைகளைத் தணிப்பதும் ஆய்வகத் தட்டில் பலமுறை பார்த்ததுதான், காலின் தோலுக்குள் எவ்வளவு இறங்கும் என்பது வேறு விஷயம். கிணற்றுப்பாசான் சாறு எலிகளின் காயத்தில் என்ன செய்கிறது என்று இந்திய ஆய்வாளர்கள் 1980-களிலேயே பார்த்திருக்கிறார்கள். வெட்டுக்காயப்பூண்டு என்றும் பெயர் பெற்ற அந்தச் செடியின் பிறப்பிடம் அமெரிக்கக் கண்டம். எங்கிருந்தோ வந்து, நம் வரப்பில் முளைத்து, நம் விரலுக்கு மருந்தாகிவிட்டது.

ஒன்றை மட்டும் வற்புறுத்திச் சொல்லியாக வேண்டும். காயத்தில் காப்பித்தூள், சுண்ணாம்பு, சாம்பல், மண் எதையும் அப்பாதீர்கள். அப்பிய ஒவ்வொரு துகளையும் அந்த மேக்ரோஃபேஜ்தான் விழுங்கி அகற்ற வேண்டும். அந்த வேலை முடியாமல் அது கட்டும் வேலைக்குத் திரும்பாது. நல்ல தண்ணீரில் சோப்புப் போட்டுக் கழுவுவது, சுத்தமான துணி, டெட்டனஸ் ஊசி, இது போதும். வயல் மண்ணில் டெட்டனஸ் கிருமியின் வித்துகள் எப்போதும் உண்டு. ஊசி போட்டிருந்தால், அதை எதிர்கொள்ளும் ஆயத்தம் ரத்தத்தில் முன்கூட்டியே இருக்கும்.

காலில் புண் வந்தால் தொடையிடுக்கில் நெறி கட்டும். டெல்டாவில் இதை அறியாத பிள்ளை கிடையாது. “நெறி கட்டியிருக்கு, ரெண்டு நாளைக்கு நடக்காத” என்று ஆத்தா படுக்கவைப்பார். ஏன் கட்டுகிறது? விரலிடுக்கில் ருசி பார்த்த அந்தக் கிளைச்செல்கள் எடுத்த கிள்ளைச் சுமந்துகொண்டு கிளம்பி, நிணநீர்க் குழாய்க்குள் இறங்கி, முழங்காலைத் தாண்டி, தொடையிடுக்கில் உள்ள நிணநீர் முடிச்சு வரை பயணம் செய்கின்றன. அங்கே குவிந்திருக்கும் டி செல்களிடம் கொண்டுவந்ததை நீட்டி “இது யாருக்குத் தெரியும்?” என்று காட்டுகின்றன. பொருந்துகிற ஒன்று கிடைத்துவிட்டால் அது பெருகுகிறது, பெருகுகிறது, முடிச்சு வீங்கிப் புடைத்துக் கைக்குத் தட்டுப்படுகிறது. நம் விரலுக்கு அடியில் உருளுவது அந்தப் பெருக்கம்! இப்படி எடுத்துக் காட்டும் செல்களை 1973-இல் இனங்கண்டு சொன்ன ரால்ஃப் ஸ்டைன்மனுக்கு 2011-இல் நோபல் அறிவித்தார்கள். அவர் அதற்கு மூன்று நாள் முன்னால் இறந்திருந்தார்.

ரத்தக் குழாயும் நிணநீர்க் குழாயும் எப்படி என்று டெல்டாக்காரருக்கு விளக்குவது சுலபம். ஒன்று பாசன வாய்க்கால், மற்றது வடிகால். வாய்க்காலில் வந்த தண்ணீர் வயலில் நின்று, மிஞ்சியது வடிகாலில் இறங்க வேண்டும். வடிகால் தூர்ந்தால் ஐப்பசி மழையில் சம்பாப் பயிர் என்ன ஆகும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை.

கும்பகோணத்தின் கால்களில் அதுதான் நடந்தது. யானைக்கால் என்றாலே கும்பகோணத்தைச் சொல்லிய காலம் ஒன்று இருந்தது. கியூலெக்ஸ் கொசு கொண்டுவரும் ஃபைலேரியா புழு, நிணநீர்க் குழாய்க்குள்ளேயே ஆண்டுக்கணக்கில் குடியிருந்து அதைப் பழுதாக்குகிறது. வடியாத நீர் தேங்குகிறது, கால் வீங்குகிறது. கண்ணுக்குத் தெரியாத கேடு அதைவிடப் பெரிது: சேதி சுமக்கும் செல்கள் போகும் வழி அடைபடுவதால் அந்தக் காலின் தோல் தன் பாதுகாப்பை இழக்கிறது. விரலிடுக்கில் ஒரு சின்ன வெடிப்பு போதும், ஸ்ட்ரெப்டோகாக்கஸ் கிருமி புகுந்து, குளிரும் காய்ச்சலுமாக ஆளைக் கிடத்திவிடும். ஒவ்வொரு காய்ச்சலுக்கும் தோல் இன்னும் தடிக்கும், இன்னும் மடியும். ஆகவேதான் யானைக்கால் உள்ளவருக்கு மருத்துவர்கள் சொல்லும் முதல் சிகிச்சை, தினமும் சோப்புப் போட்டுக் காலைக் கழுவி விரலிடுக்கு வரை துடைத்து உலர வைப்பது. அதைச் செய்தாலே காய்ச்சல் வருவது நன்றாகக் குறைகிறது.

கும்பகோணத்தில் இதை எதிர்த்து இறங்கியவர் எம்.கே. சாம்பசிவன் என்ற அறுவைச் சிகிச்சை மருத்துவர். கொசு பெருகும் இடங்களை ஒழிக்க ஊர் மக்களையே திரட்டினார். 1936-இல் அவர் மறைந்தபோது அவருடைய மகனுக்குப் பதினொரு வயது. அந்த மகன் எம்.எஸ். சுவாமிநாதன். பின்னாளில் இந்தியாவின் நெல், கோதுமை விளைச்சலையே மாற்றியவர், தன் அப்பா ஊரைக் கூட்டிக் கொசுவை விரட்டியதைப் பெருமையோடு சொல்லிக்கொண்டே இருந்தார்.

கும்பகோணத்தை அடுத்த சாக்கோட்டையில் தொழுநோய்க்கென்றே நெடுநாள் இயங்கிவந்த மருத்துவமனை ஒன்று உண்டு. தொழுநோய்க் கிருமி தன்னை விழுங்க வந்த மேக்ரோஃபேஜுக்குள்ளேயே போய்க் குடியேறுகிறது. இரண்டாகப் பிளக்கவே ஏறக்குறைய இரண்டு வாரம் எடுத்துக்கொள்ளும் மகா நிதானமான கிருமி. டி செல்கள் சுறுசுறுப்பாக மேக்ரோஃபேஜை உசுப்பினால் உணர்ச்சியற்ற ஓரிரு தேமல்களோடு நிற்கும். உசுப்பாவிட்டால் உடல் முழுக்கப் பரவும். ஒரே கிருமி இரண்டு ஆட்களிடம் இரண்டு நோயாகத் தெரிவதற்குக் காரணம் அவரவர் தோலில் உள்ள செல்களே.

வயலில் இருந்து வரும் இன்னொரு கிருமியைத் தஞ்சைப் பக்கத்து மருத்துவர்கள் அதிகம் தேடிப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை. மெலியாய்டோசிஸ் நோயைத் தரும் கிருமி. நெல் வயலின் ஈர மண்ணில் வாழ்வது, காலில் உள்ள வெட்டு வழியாக நுழைவது. விழுங்கிய செல்லுக்குள்ளேயே சாகாமல் வாழும் திறமைசாலி. தஞ்சை மாவட்டத்திலிருந்து எத்தனையோ பேர் கப்பலேறிப் பிழைக்கப் போன ரங்கூனில், 1911-12-இல், ஆல்ஃபிரட் விட்மோரும் அவரோடு பணியாற்றிய சி.எஸ். கிருஷ்ணசாமியும் இதை முதன்முதலில் விவரித்தார்கள். இது யாரை அதிகம் தாக்குகிறது தெரியுமா? சர்க்கரை நோயாளிகளை.

சர்க்கரை! இங்கேதான் கதை ஒரு சுற்று சுற்றி வருகிறது, பாருங்கள். 1868-இல் தோலில் கறுப்புக் கிளைச்செல்களைக் கண்ட அதே லாங்கர்ஹான்ஸ், அடுத்த ஆண்டு, 1869-இல், கணையத்தில் தனித்தனித் திட்டுகளாகக் கிடந்த இன்னொரு வகை செல்களை விவரித்தார். அவை என்ன செய்கின்றன என்று அவருக்குத் தெரியாது. அவைதான் இன்சுலினைச் சுரக்கும் திட்டுகள்! இருபதை ஒட்டிய வயதில், ஒன்றரை ஆண்டுக்குள், இரண்டு கண்டுபிடிப்பு. ஒன்று தோலைக் காப்பது, மற்றது சர்க்கரையைக் காப்பது. இன்றைக்கு டெல்டாவின் ஆறாத கால் புண்களில் இவை இரண்டும் சந்திக்கின்றன.

சர்க்கரை கட்டுக்குள் இல்லாத உடம்பில் மேக்ரோஃபேஜ் அந்தத் திருப்பத்தை எடுக்க முடியாமல் நின்றுவிடுகிறது. நியூட்ரோஃபில்கள் வருகின்றன, போகாமல் கிடக்கின்றன. மேக்ரோஃபேஜ் விழுங்குகிறது, ஆனால் குணம் மாறுவதில்லை. கடுகடுப்பு நிலையிலேயே வாரக்கணக்கில், மாதக்கணக்கில். செவ்வென்று எழ வேண்டிய மணிச்சதை எழாமல் மஞ்சளாகச் சவசவவென்று கிடக்கிறது புண். நரம்பும் கெட்டுப்போயிருந்தால் வலியே தெரியாது. வலி தெரியாததால் ஆளும் வயலுக்குப் போய்க்கொண்டே இருப்பார். மனக் கவலைகூட இந்த செல்களை எட்டுகிறது. மறதி நோய் கண்ட உறவினரைக் கவனித்துக்கொண்டிருந்த பெண்களுக்கு, அளவாகப் போட்ட ஒரு சிறு காயம் ஆற மற்றவர்களைவிட ஒன்பது நாள் கூடுதலாக ஆனதை 1995-இல் ஒஹாயோவில் அளந்து காட்டினார்கள். கடனும் மழையும் சேர்ந்து உறக்கத்தைக் கெடுக்கும் ஒரு விவசாயியின் கால் புண்ணை நினைக்கும்போதெல்லாம் எனக்கு அந்த ஒன்பது நாள் நினைவுக்கு வரும்.

தஞ்சாவூரிலிருந்து திருச்சி போகும் சாலையில், திருமலைசமுத்திரத்தில், சாஸ்த்ரா பல்கலைக்கழகத்தின் நானோ தொழில்நுட்ப, உயிர்ப்பொருள் மையம் இருக்கிறது. சுவாமிநாதன் சேதுராமன், உமா மகேஸ்வரி கிருஷ்ணன் ஆகியோரின் குழு தோலுக்கான நார்ச் சாரங்களைப் பற்றி 2011-இல் ஓர் ஆய்வை வெளியிட்டது. மூலப்பொருளைத் தருவது பாக்டீரியா! அவை தமக்குள் சேமித்துவைக்கும் பாலியெஸ்டர் வகை ஒன்றைக் கரைத்து, ஊசி முனையில் நிறுத்தி, உயர் மின்னழுத்தம் கொடுத்தால், துளி கூம்பாகி, கூம்பின் நுனியிலிருந்து தலைமுடியைவிட எத்தனையோ மடங்கு மெல்லிய நூல் பீறிட்டு எதிரே இருக்கும் தகட்டில் படிகிறது. படிந்த பாய் தோலின் இயற்கையான நார்ப் பின்னலை ஒத்திருப்பதால் செல்கள் அதன்மேல் ஏறி வளர்கின்றன. நூலின் தடிமனும் இடைவெளியும் மாறினால் மேக்ரோஃபேஜின் குணமும் மாறுகிறது என்று வேறு ஆய்வகங்களும் பார்த்துவருகின்றன. நின்றுபோன திருப்பத்தை வெளியிலிருந்து ஒரு நூலால் எடுக்கவைக்க முடியுமா? எனக்கு இதைக் கேட்கும்போதே உடம்பு சிலிர்க்கிறது.

அதுவரை செய்ய வேண்டியதையும் தமிழ்நாடு எப்போதோ செய்து பார்த்துவிட்டது. 1946-இல் வேலூருக்கு வந்த பால் பிராண்ட், தொழுநோயாளிகளின் கால் சதை நோயால் அழுகி விழுகிறது என்று எல்லோரும் நம்பிய காலத்தில், அப்படி இல்லை என்று காட்டினார். உணர்ச்சி இல்லாத கால் அதே இடத்தில் மீண்டும் மீண்டும் ஊன்றி நசுங்குவதால்தான் புண் ஆறவில்லை. பாதத்தோடு ஒட்டிப் பொருந்தும் மாவுக்கட்டைப் போட்டு அழுத்தத்தை எடுத்ததும், எத்தனையோ நாள் ஆறாத புண்கள் ஆறின. ஆற்றும் செல்கள் அந்தக் காலில் முன்பும் இருந்தன, நசுங்காமல் வேலை செய்யக் கொஞ்ச நாள்தான் அவற்றுக்கு வேண்டியிருந்தது. 1966-இல் பிராண்ட் அமெரிக்காவின் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனார். அங்கிருந்து அந்த மாவுக்கட்டு உலகெங்கும் சர்க்கரை நோய்க் கால் புண்ணுக்கான சிகிச்சையாகப் பரவியது. தொழுநோயாளிகளுக்காகக் கொண்டுவந்த மென்மையான எம்.சி.ஆர். ரப்பர் செருப்பையே இன்று சர்க்கரை நோயாளிகளுக்கும் எழுதிக் கொடுக்கிறார்கள். மரத்துப்போன கால் என்று மருத்துவர் சொல்லியிருந்தால், அந்தச் செருப்பைக் கேட்டு வாங்கிப் போட்டுக்கொள்ளுங்கள். வரப்பில் நடக்கும்போதும், வீட்டுக்குள்ளேயும்கூட.